துப்பறியும் பெண்

துப்பறிவாளர் என்றால் யார்? குற்றம் எப்படி நடந்தது, யார் செய்தார் என்று மறைவாக விசாரித்துக் கண்டுபிடிப்பவர். போலீசில் சேராமல், தனியாகவும் சிலர் இந்தத் தொழிலைச் செய்கிறார்கள். அவர்களைத் தனியார் துப்பறிவாளர் என்பார்கள்.

அமெரிக்காவில் சிகாகோ என்று ஒரு நகரம். அங்கே ஆலன் பிங்கர்டன் என்பவர் துப்பறியும் நிறுவனம் நடத்தி வந்தார். 1856ஆம் ஆண்டு அவரைத் தேடி ஓர் இளம்பெண் வந்தார். அவர் பெயர் கேட் வார்ன். கணவரை இழந்தவர்.

எழுத்து வேலை கேட்டு வந்திருக்கிறார் என்று பிங்கர்டன் நினைத்தார். ஆனால் கேட் கேட்டது துப்பறியும் வேலை! பிங்கர்டன் திகைத்துப் போனார். அன்று அந்த நாட்டில் பெண்களுக்கு ஓட்டுரிமைகூட இல்லை.

கேட் பின்வாங்கவில்லை. காரணங்களை எடுத்துச் சொன்னார். ஆண்கள் நுழைய முடியாத இடத்திலும் பெண்கள் நுழையலாம். திருடனின் மனைவி ஓர் ஆணிடம் மனம்விட்டுப் பேச மாட்டாள். பெண்ணிடம் பேசுவாள். பிங்கர்டன் இரவெல்லாம் யோசித்தார். மறுநாள் வேலை கொடுத்தார்.

கேட் சொன்னது சரியா? ஒரு வழக்கைப் பார்ப்போம். பணத்தையும் பொருள்களையும் ஊர் விட்டு ஊர் கொண்டு சேர்க்கும் நிறுவனம் ஒன்றில் பெரும் பணம் திருட்டுப் போனது. அங்கே வேலை பார்த்த மரோனி என்பவர் மேல் சந்தேகம். ஆனால் சாட்சி இல்லை. கேட் பணக்காரப் பெண்ணைப் போல வேடம் போட்டார். மரோனியின் மனைவியோடு பழகினார். மெல்ல மெல்ல உண்மை வெளியே வந்தது. 39,515 டாலர் திரும்பக் கிடைத்தது. மரோனிக்கு 10 ஆண்டு சிறை.

1861ஆம் ஆண்டு இன்னும் பெரிய பொறுப்பு வந்தது. ஆப்ரகாம் லிங்கன் ஜனாதிபதியாகப் பதவி ஏற்க வாஷிங்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் பால்டிமோர் நகரில் அவரைக் கொல்லச் சதி நடப்பதாகச் செய்தி கிடைத்தது. கேட் அங்கே போனார். வேற்றூர்ப் பெண்ணாக நடித்துச் செய்திகளைச் சேகரித்தார்.

பிப்ரவரி 22ஆம் தேதி இரவு. நோயாளியான தம் சகோதரருக்கு என்று சொல்லி, கேட் ரயிலில் படுக்கை இடம் பிடித்தார். அந்த 'நோயாளி' லிங்கன்தான்! ஊர் உறங்கும் நேரத்தில் ரயில் பால்டிமோரைத் தாண்டியது. காலையில் லிங்கன் பத்திரமாக வாஷிங்டன் சேர்ந்தார். மார்ச் 4ஆம் தேதி பதவி ஏற்றார். அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தவர் இதே லிங்கன்தான்.

கேட் வார்ன் 1868ஆம் ஆண்டு நோயால் இறந்தார். அமெரிக்கப் போலீசில் பெண்கள் துப்பறியும் வேலைக்கு வர, அதன் பிறகும் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் பெண்களால் முடியும் என்பதை அவர் முன்பே செய்து காட்டிவிட்டார்.

பேசிப் பாருங்கள்:

1. கேட் வார்னுக்குப் பிங்கர்டன் ஏன் வேலை கொடுத்தார்?

2. 'இது ஆண்கள் வேலை' என்று உங்கள் ஊரில் எவற்றைச் சொல்கிறார்கள்? அவற்றில் பெண்கள் செய்யக்கூடியவை எவை?