காவடியும் கணினி வரைபடமும்

தைப்பூசம் நெருங்கும்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் காவடி கட்டும் வேலை மும்முரமாகும். அலங்காரப் பொருள்கள் வாங்கப் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடைத்தெருக்கள் உள்ளன. ஆனால், மயிலிறகுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் உலோகச் சட்டத்தைப் பற்றிப் பலர் சிந்திப்பதில்லை. அதைச் சுமப்பவர் ஆடிக்கொண்டே பத்துமலையின் 272 படிகளை ஏற வேண்டும். அச்சட்டத்தை முன்கூட்டியே கணினியில் வரைந்து பார்க்க முடியுமா?

முடியும். எளிமையான மென்பொருள் போதுமென்றால் ஸ்கெட்சப் இருக்கிறது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த இம்மென்பொருளில் கோடுகளை இணைத்தால் ஒரு பரப்பு உருவாகும். அப்பரப்பைச் சுட்டியால் பிடித்து இழுத்தால் அது கனவடிவமாக எழும். இணையத்திலேயே பயன்படுத்தக்கூடிய கட்டணமில்லாப் பதிப்பும் உண்டு. டிங்கர்கேட் இதைவிட எளிது. கட்டைகளை அடுக்கி விளையாடுவது போன்றது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் பயிலும் மாணவர் ஒரே மாலையில் இவற்றைப் பழகிக்கொள்ளலாம்.

மறுபுறம், ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கேத்தியா போன்ற பொறியியல் மென்பொருள்கள் உள்ளன. 1994இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 777 விமானம் கேத்தியாவைக் கொண்டு முழுவதும் கணினியிலேயே வடிவமைக்கப்பட்டது. இத்தகைய மென்பொருள்களின் ஆண்டுச் சந்தா ஆயிரக்கணக்கான ரிங்கிட்டை எட்டும். திரையில் இரண்டு படங்களும் ஒன்றுபோலத்தானே தெரிகின்றன, பிறகு ஏன் இவ்வளவு பணம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்கெட்சப்பில் நாம் வரையும் வட்டம் உண்மையில் வட்டமன்று. அது வழக்கமாக 24 பக்கங்கள் கொண்ட பலகோணம். காவடிச் சட்டத்தின் குழாய் 25 மில்லிமீட்டர் விட்டமுடையது என்று வைத்துக்கொள்வோம். அதைச் செருக, அதே அளவில் துளையுள்ள ஓர் இணைப்பு வளையத்தை வரைந்து இயந்திரத்தில் வெட்டுகிறோம். பலகோணத்தின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ 24.79 மில்லிமீட்டர்தான் இருக்கும். குழாய் நுழையாது. பக்கங்களை 96 ஆக உயர்த்தினால் குறை மிகச் சிறிதாகும். ஆனாலும் அது வட்டமாகிவிடாது. பொறியியல் மென்பொருளோ வட்டத்தை அதன் மையம், ஆரம் ஆகியவற்றைக் கொண்டு வட்டமாகவே நினைவில் வைத்திருக்கும்.

அளவை மாற்றும்போதும் வேறுபாடு தெரியும். சுமப்பவரின் தோள் அகலத்துக்கேற்பச் சட்டத்தை விரிக்க வேண்டுமானால், எளிய மென்பொருளில் பல பாகங்களை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கும். சாலிட்வொர்க்ஸில் பாகங்களின் அளவுகளை முதலிலேயே ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி வரைந்திருந்தால், ஓர் எண்ணை மாற்றினால் போதும். மற்றவை தாமாக மாறும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சுமை. வலுவான சட்டமும் வளைந்துவிடக்கூடிய சட்டமும் ஸ்கெட்சப்பில் ஒரே அழகுடன் நிற்கும். பொறியியல் மென்பொருளில் உலோகத்தின் தன்மையையும் எடையையும் உள்ளிட்டால், அது சட்டத்தை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும். எங்கே அழுத்தம் மிகுதியோ அந்த இடத்தைச் சிவப்பு நிறத்தில் காட்டும். எனினும், தவறான எடையைக் கொடுத்தால் தவறான விடையே கிடைக்கும். ஆடும்போது சுமை எப்படியெல்லாம் தோளில் மாறி விழும் என்பதைப் பல ஆண்டுகள் காவடி கட்டியவரிடம் கேட்டறிவதும் அவசியம்.

ஆகையால், தோற்றத்தைக் குடும்பத்தாருக்குக் காட்டி ஒப்புதல் பெற எளிய மென்பொருளே ஏற்றது. பட்டறைக்குப் போகும் வரைபடத்துக்குத்தான் மற்றது தேவைப்படும். கடை முகப்பில் கூரை அமைப்பது போன்ற கட்டட வேலையென்றால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. கட்டமைப்பு வரைபடத்தில் 1967ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற நிபுணத்துவப் பொறியாளர் கையொப்பமிட வேண்டும். எந்த மென்பொருளில் வரைந்திருந்தாலும் அக்கையொப்பத்துக்கு விலக்கில்லை.