சிறுபாணாற்றுப்படையில் உணவும் இடவுணர்வும்

முன்னுரை

ஒரு நிலத்தின் உணவையும் பறையையும் யாழையும், அந்நிலத்துக்குரிய மரம், விலங்கு, தொழில் ஆகியவற்றோடு சேர்த்துக் கருப்பொருள் என ஒரே வகையில் வைக்கிறது தொல்காப்பியம். எந்நிலத்துக்கு எவ்வுணவு என உரையாசிரியர்கள் பின்னர்ப் பட்டியலிட்டனர். அப்பட்டியலை மட்டும் கொண்டு சங்கப் பாடல்களை அணுகும்போது, மக்கள் ஓரிடத்தை உணர்ந்த முறை மறைந்துவிடுகிறது. நத்தத்தனார் இயற்றிய 269 அடிகளையுடைய சிறுபாணாற்றுப்படையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

மூவூர் உணவுகள்

ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்ற பாணன், வறிய பாணன் ஒருவனுக்கு வழி கூறுகிறான். அவ்வழியில் ஒவ்வோர் ஊரும் அங்குக் கிடைக்கும் உணவால் அடையாளம் பெறுகிறது. கடற்கரையிலுள்ள எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீனும் கள்ளும் கிடைக்கும். கள் காய்ச்சும் விறகும் அலை கொணர்ந்த அகில் கட்டையே. முல்லைநிலத்து வேலூரில் எயினர் மகளிர் புளியிட்ட சோற்றை ஆமான் இறைச்சியுடன் அளிப்பர். மருதநிலத்து ஆமூரில் உலக்கையால் குற்றிய அரிசிச் சோறு நண்டுக் கலவையுடன் கிடைக்கும்.

பட்டியலும் பாடலும்

உரைமரபு முல்லைக்கு வரகு, சாமை முதலியவற்றையும், நெய்தலுக்கு மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பண்டத்தையும் உணவாகக் கூறும். பாடலிலோ முல்லையில் வேட்டுவரின் இறைச்சியும், நெய்தலில் மீனும் விருந்தாகின்றன. இது மரபுப் பிறழ்ச்சி அன்று. அவ்வூரில் வாழ்வோர் யாவர், அவர்தம் தொழில் யாது என்பனவே உணவை முடிவு செய்கின்றன. நிலத்தின் பெயர் மட்டும் அதனை முடிவு செய்வதில்லை.

உப்பில்லாக் கீரையும் அரண்மனை விருந்தும்

இம்மூவூர் உணவுகளுக்கு இருபுறமும் வேறு இரு உணவுகள் உள்ளன. முன்னதாக, பாணன் வீட்டில் உப்பின்றி வெந்த வேளைக்கீரையைப் பிறர் காணாதவாறு கதவடைத்து உண்கின்றனர். இறுதியில், நல்லியக்கோடன் தானே நின்று பொற்கலத்தில் ஊட்டும் உணவு வீமன் இயற்றியதாகக் கருதப்படும் மடைநூலின்படி சமைக்கப்பட்டது. முன்னதில் வறுமை உணவை ஊரிலிருந்து பிரித்து ஒளிக்கிறது. பின்னதில் செல்வம் உணவை நிலத்திலிருந்து விடுவித்து நூலோடு இணைக்கிறது. இவ்விரண்டையும் கொண்டு எந்த ஊரையும் அடையாளம் காண இயலாது. இடையிலுள்ள எளிய உணவுகளே இடத்தைச் சொல்கின்றன.

முடிவுரை

இவ்வுணவுகளை நினைவில் நிறுத்தி அடுத்தவனுக்குக் கூறுபவன் யாழேந்திய கலைஞன். ஒரு வேளைச் சோறு எங்குக் கிடைக்கும் என்பது அவனுக்கு வாழ்வாதாரம் பற்றிய செய்தி. அதுவே பாட்டில் நிலத்தின் வரைபடமாகிறது. நில அமைப்பும் உணவும் கலையும் ஒன்றையொன்று சார்ந்தே இடவுணர்வை உருவாக்குகின்றன என்பதும், திணைப்பட்டியல் பாடலைப் படிக்கத் தொடக்கமேயன்றி முடிவாகாது என்பதும் இதனால் புலப்படுகின்றன.