நெருப்பில்லாமல் சூடேறிய தண்ணீர்

தண்ணீரைச் சூடாக்க நெருப்பு கட்டாயமில்லை. விடாமல் கலக்கினாலும் சூடேறும். எவ்வளவு வேலைக்கு எவ்வளவு சூடு என்று துல்லியமாக அளந்தவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். 1818இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில், பீர் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர்.

வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்பொருள் என்ற கருத்து அப்போது செல்வாக்கோடு இருந்தது. ஜூல் அதை ஏற்கவில்லை. அவர் அமைத்த கருவி எளிமையானது: செம்புப் பாத்திரத்தில் நீர், நடுவே துடுப்புகள் பொருத்திய அச்சு. அச்சில் சுற்றிய கயிறு கப்பிகள் வழியே போய் இரண்டு ஈய எடைகளைத் தாங்கும். எடைகள் இறங்க இறங்கத் துடுப்பு சுழலும். நீரும் சேர்ந்து சுற்றிவிடாதபடி பாத்திரத்தின் உட்புறத்தில் தடுப்புத் தகடுகள் உண்டு.

1850இல் வெளியிட்ட ஆய்வில், தலா சுமார் 13 கிலோ எடைகளை ஏறத்தாழ 1.6 மீட்டர் இறங்கவிட்டார். மறுபடி மேலேற்றி, 20 முறை இப்படிச் செய்தார். சுமார் 6 லிட்டர் நீரில் ஏறிய வெப்பநிலை 0.3 டிகிரி செல்சியஸ்தான். மிக நுட்பமான வெப்பநிலைமானி இருந்ததால்தான் அது கண்ணில் பட்டது.

ஆற்றலின் அலகு இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 4,190 ஜூல் வேண்டும். அதே ஆற்றலைக் கொண்டு ஒரு கிலோ எடையை 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம்!

நீரின் மூலக்கூறுகள் ஓயாமல் அசைகின்றன. ஒன்றையொன்று ஈர்க்கவும் செய்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்த மொத்தக் கணக்கே அக ஆற்றல். வெப்பநிலை காட்டுவது அசைவின் சராசரியை மட்டும். அதனால் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், டம்ளர் நீரைவிடக் குடத்து நீருக்கு அக ஆற்றல் அதிகம். அடுப்பு தருவது வெப்பம், துடுப்பு செய்வது வேலை. இரண்டும் அக ஆற்றலைக் கூட்டும் வழிகளே. சூடேறிய நீரைச் சோதித்து, அது எந்த வழியில் சூடேறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

அக ஆற்றல் வேறு, வெப்பநிலை வேறு என்பது கொதிக்கும்போது தெளிவாகத் தெரியும். 1,000 வாட் ஹீட்டர் ஒரு லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக, இழப்பு ஏதும் இல்லையென்றால், 5 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். அந்த நீர் முழுவதும் ஆவியாக மேலும் 37 நிமிடமாவது வேண்டும். அத்தனை நேரமும் வெப்பநிலை 100ஐத் தாண்டாது. உள்ளே போகும் ஆற்றலில் பெரும்பகுதி மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்கவே செலவாகிறது.

ஆகவே, திறந்த பாத்திரத்தில் உலை கொதித்ததும் அடுப்பைக் குறைத்துவிடுங்கள். தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். சோறு சீக்கிரம் வேகாது.