டியூப் லைட்டும் சூரியனும்

டியூப் லைட் "எரிகிறது" என்கிறோம். உண்மையில் அதற்குள் எரிவதற்கு எதுவும் இல்லை. பழைய குண்டு பல்பில் டங்ஸ்டன் கம்பி பழுக்கக் காய்ந்து ஒளி தந்தது. டியூப் லைட்டின் ஒளிக்கு மூலகாரணம் வாயு. சூரியனும் நட்சத்திரங்களும் எந்த நிலையில் உள்ளனவோ அதே நிலையில், அந்த வாயு நம் தலைக்கு மேல் நான்கடிக் குழாயில் அடைபட்டிருக்கிறது!

திடம், திரவம், வாயு என்று பள்ளியில் படித்த மூன்று நிலைகளுக்கு அப்பால் நான்காவதாக ஒன்று உண்டு. அதுவே பிளாஸ்மா. வாயுவின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, அவையும் மிஞ்சிய அயனிகளும் கலந்து திரியும் நிலை இது. சாதாரண வாயு மின்சாரத்தைக் கடத்தாது. பிளாஸ்மா நன்றாகக் கடத்தும்.

சோக் எதற்கு?

டியூப்பில் காற்றை நீக்கிவிட்டு, சிறிது ஆர்கான் வாயுவும் சில மில்லிகிராம் பாதரசமும் வைக்கிறார்கள். சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டர் வழியே மின்சாரம் பாய்ந்து, இரு முனைகளிலும் உள்ள இழைகள் சூடேறுகின்றன. ஸ்டார்ட்டர் தொடர்பை விடும் கணத்தில் சோக் பல நூறு வோல்ட்டை ஒரே உதையாகக் கொடுக்கிறது. வாயு பிளாஸ்மாவாகிறது. எலெக்ட்ரான்கள் பாதரச அணுக்களை மோத, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பிறக்கிறது. குழாயின் உட்சுவரில் பூசிய வெள்ளைப் பொடி அதை வெளிச்சமாக மாற்றுகிறது.

சோக்கின் வேலை அத்துடன் முடிவதில்லை. பிளாஸ்மாவில் மின்சாரம் கூடக் கூட, மேலும் பல அணுக்கள் அயனிகளாகி, பாதை இன்னும் சுலபமாகிறது. தட்டிக்கேட்க ஆளில்லாவிட்டால் மின்சாரம் மேன்மேலும் பெருகி டியூப் பாழாகும். கடிவாளம் பிடிப்பது சோக்தான்.

சுடாத சூடு

டியூப்பினுள் எலெக்ட்ரான்களின் வெப்பநிலை சுமார் 11,000 டிகிரி. சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5,500 டிகிரிதான். பின் கண்ணாடி ஏன் உருகவில்லை? கம்பி மத்தாப்பின் சிறு பொறி கடுஞ்சூடானது. ஆயினும் அளவில் அற்பமானதால் கையைப் பெரிதாகச் சுடுவதில்லை. அது போலத்தான் இதுவும். குழாயில் வாயு வெகு குறைவு. எலெக்ட்ரானோ பாதரச அணுவைவிட லட்சக்கணக்கான மடங்கு இலேசானது. மோதித் திரும்பும்போது தன் சூட்டில் சிறிதளவே கொடுக்கிறது.

விளக்குக் கம்பெனியில் வைத்த பெயர்

அமெரிக்காவில் ஷெனெக்டடி நகரிலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய விஞ்ஞானி இர்விங் லாங்மூர். பாதரச ஆவியில் மின்சாரம் பாய்வதை ஆராய்ந்த அவரே 1928-இல் "பிளாஸ்மா" என்று பெயரிட்டார். ஒளிரும் வாயுவுக்குள் மெல்லிய கம்பியை நீட்டி, எலெக்ட்ரான்களின் தொகையையும் சூட்டையும் அளக்கும் முறையையும் அவர் வகுத்தார். அதற்கு முன்பே 1920-இல் நம் நாட்டு மேகநாத் சாஹா, எந்த உஷ்ணத்தில் எத்தனை அணுக்கள் அயனிகளாகும் என்பதற்குச் சமன்பாடு தந்து, நட்சத்திர ஒளியைப் படித்தறிய வழிகாட்டினார்.

குஜராத்தில் காந்திநகர் அருகே பாட் கிராமத்தில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1989-இல் அங்கே "ஆதித்யா" என்ற டோகமாக் இயந்திரம் இயங்கத் தொடங்கியது; பின்னர் அது புதுப்பிக்கப்பட்டது. வளைய வடிவப் பாத்திரத்தில், பிளாஸ்மா சுவரில் படாதபடி காந்த சக்தியால் பிடித்து நிறுத்தும் முயற்சி இது. சூரியனைப் போல ஹைட்ரஜன் அணுக்கருக்களை இணைத்து மின்சாரம் எடுப்பதே இத்தகைய ஆராய்ச்சியின் இலட்சியம். அதற்கு 10 கோடி டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இத்தகைய இயந்திரங்களின் ஓரப் பகுதியை அளக்க லாங்மூரின் கம்பியே இன்றும் உதவுகிறது!

உடைக்க வேண்டாம்

எல்.இ.டி. விளக்கில் வாயுவும் இல்லை, பாதரசமும் இல்லை. பாதரச டியூப்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் படிப்படியாக நிறுத்த, மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-இல் முடிவு செய்தன. பழைய டியூப்கள் ஏராளமாகக் கழற்றப்படும் காலம் இது.

அவற்றை உடைத்துக் குப்பைத் தொட்டியில் போடுவது தவறு. பாதரச ஆவி நரம்புகளையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். முதலில் அதைச் சுவாசிப்பவர் குப்பை அள்ளும் தொழிலாளி. முழு டியூப்பாகவே மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பது நல்லது. தவறி உடைந்தால், ஜன்னல்களைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே இருங்கள். பிறகு துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டி அட்டையால் அள்ளி, மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு அப்புறப்படுத்துங்கள்.