ஓட்டல் பில்லும் வரியும்

ஓட்டலில் வயிறாரச் சாப்பிட்டதும் பில்லைப் பெரியவர்கள் பக்கம் தள்ளிவிட்டுச் சோம்பு மெல்வது நம் வழக்கம். அந்தச் சீட்டின் அடிப்பகுதியைச் சற்றே படிப்போமா?

உணவு பரிமாறுவது விற்பனையா, உபசாரமா? கேலிக் கேள்விபோல் தோன்றினாலும் இதற்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. விடுதியில் தங்குபவருக்கு அளிக்கும் உணவு விற்பனையாகாது என்று 1972-லும், வெளியிலிருந்து வந்து உண்பவருக்கும் அதுவே பொருந்தும் என்று 1978-லும் தீர்ப்பாயிற்று. விருந்தினருக்கு உண்ண மட்டுமே உரிமை, மீந்ததை எடுத்துச் செல்ல உரிமையில்லை என்ற பழைய ஆங்கிலேயச் சட்டக் கருத்தும் அதில் எடுத்தாளப்பட்டது. மீந்த பரோட்டாவைப் பொட்டலம் கட்டச் சொல்லும் நம் வீட்டார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்!

விற்பனை இல்லையேல் விற்பனை வரி ஏது? மாநிலங்களின் வருவாய்க்கு ஆபத்து வந்தது. ஆகவே 1982-ல் அரசியலமைப்பின் 46-ஆவது திருத்தம், உணவு பரிமாறுவதையும் விற்பனையாகக் கருத வழிசெய்தது. 2017 ஜூலை 1-இல் வந்த ஜி.எஸ்.டி. சட்டமோ அதைச் சேவை என்கிறது!

முதலில் குளிர்சாதன ஓட்டலுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 12 சதவீதம் என்றிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் இரண்டுக்கும் 5 சதவீதமாயிற்று. ஆனால் அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய விடுதிகளிலும் ரிசார்ட்டுகளிலும் உள்ள உணவகங்களுக்கு 18 சதவீதம். 2025 ஏப்ரல் முதல், முந்தைய நிதியாண்டில் உண்மையில் வாங்கிய வாடகையே இதற்குக் கணக்கு. ஆக, 200 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு ஓரிடத்தில் வரி 10 ரூபாய், மற்றோரிடத்தில் 36 ரூபாய். பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. இட்லி ஒன்றுதான், மாடியிலுள்ள அறையின் வாடகை இட்லியின் வரியைத் தீர்மானிப்பது நமக்கு விந்தையாகவே படுகிறது. 18 சதவீதம் வசூலிப்பவர் தாம் வாங்கிய பொருள்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். 5 சதவீதக்காரருக்கு அச்சலுகை இல்லை.

சர்வீஸ் சார்ஜ் என்றொரு வரி பில்லில் இருந்தால், அது அரசின் வரியன்று. கேட்க வெட்கப்பட்டு நம் பெற்றோர் பலர் கொடுத்துவிடுகின்றனர். அதைத் தானாகச் சேர்க்கலாகாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் அறிவித்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

ஆண்டு வியாபாரம் ஒன்றரைக் கோடிக்கு மேற்படாத சிறிய ஓட்டல்கள் சலுகைத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், வரியைத் தாமே கட்ட வேண்டும். நம்மிடம் தனியாக வாங்கக் கூடாது. அவர்கள் அதைப் பில்லின் தலைப்பிலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.