தீபாவளி அன்பளிப்பும் குடும்பக் கடனும்

தீபாவளி நெருங்கும்போது தோட்டங்களில் இரண்டு பேச்சுகள் எழுவது வழக்கம். பெருநாள் முன்பணம் எவ்வளவு கிடைக்கும் என்பது ஒன்று. யார் யாருக்கு என்ன துணி எடுப்பது என்பது மற்றொன்று. முதற்பேச்சு பெரும்பாலும் இரண்டாவது பேச்சிலிருந்தே பிறக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது நலம்.

பெருநாளைக் கொண்டாடுவதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எண்ணெய்க் குளியல், தோட்டத்துக் கோயிலில் வழிபாடு, முறுக்கும் நெய்யுருண்டையும் சுடும் மணம், வீடு தேடி வரும் மலாய், சீன நண்பர்களுக்கு விருந்து ஆகியவை நம் வாழ்வுக்கு ஒளி தருபவை. பிள்ளைகளுக்குப் புத்தாடை வாங்குவதும், முதிய பெற்றோருக்கு வேட்டி சேலை எடுத்து வணங்குவதும் நம் கடமைகள். அவற்றில் நாம் கை வைக்க வேண்டியதில்லை. இங்கே நாம் ஆராய விரும்புவது ஒன்றே ஒன்று: அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, அவர்களுடைய கணவன்மார், மனைவிமார் எனச் சம்பாதிக்கும் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் ஆண்டுதோறும் செய்துகொள்ளும் அன்பளிப்புப் பரிமாற்றம்.

வழக்கம் மாறிய விதம்

உடன்பிறந்தார் அனைவரும் ஒரே தோட்டத்தில், பக்கத்துப் பக்கத்து லயங்களில் வாழ்ந்த காலத்தில் இந்தப் பரிமாற்றம் பெருஞ்சுமையாக இருந்ததில்லை. எல்லாரும் ஒரே பெரட்டில் நின்றவர்கள். ஏறத்தாழ ஒரே சம்பளம் வாங்கியவர்கள். ஒருவர் கொடுத்ததை மற்றவர் திருப்பிக் கொடுக்க முடிந்தது.

இன்று நிலைமை வேறு. ஒரு பிள்ளை தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறார். இன்னொருவர் கிள்ளானிலோ பினாங்கிலோ தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மூன்றாமவர் ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்புகிறார். அவர் அன்போடு விலையுயர்ந்த சேலை ஒன்றை அண்ணிக்கு எடுத்து வருகிறார். அவருக்கு அது ஒரு நாள் ஊதியமாக இருக்கலாம். ஆனால், அதற்கு ஈடாகத் திருப்பிச் செய்ய நினைக்கும் தோட்டத்து அண்ணனுக்கோ அது பல நாள் உழைப்பு. கொடுத்தவர் கணக்குப் பார்க்கவில்லை. வாங்கியவரின் தன்மானம் கணக்குப் பார்க்கிறது. ஆகவே, குடும்பத்தில் வருவாய் குறைந்தவரே கடன்பட்டுக் கொடுக்க வேண்டியவராகிறார்.

கொடுத்து வாங்கும் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். உடன்பிறந்தார் மூவர், மூவரும் மணமானவர்கள். ஒவ்வொரு குடும்பமும் மற்ற இரு குடும்பங்களிலுள்ள நான்கு பெரியவர்களுக்கு ஆளுக்கு 80 வெள்ளியில் துணி எடுப்பதாகக் கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு 320 வெள்ளி. மூன்று குடும்பங்களுக்கும் சேர்த்து 960 வெள்ளி. முடிவில், ஒவ்வொருவர் கையிலும் தாம் தேர்ந்தெடுக்காத இரண்டு உடைகள் இருக்கும். யாரும் யாரைவிடவும் வசதி பெற்றுவிடவில்லை. பணம் மட்டும் மூன்று வீடுகளையும் விட்டு வெளியேறிவிட்டது.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் 320 வெள்ளி என்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும். பிள்ளைகளின் உடை, பலகாரம், போக்குவரத்துச் செலவு ஆகியவை இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

கடன் வந்து நிற்கும் காலம்

தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது. மேற்குக் கரைத் தோட்டங்களில் அதுவே அடைமழைக் காலம். நனைந்த பட்டையில் வெட்டினால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்தோடும். மங்கில் விழுந்த பாலும் மழைநீரோடு கலந்து வீணாகும். வெட்டு நாள்கள் குறைகின்றன. 2026 முதல் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், பெருநாள் முடிந்த கையோடு புத்தகப்பை, காலணி, சீருடைச் செலவுகள் வந்து நிற்கின்றன. அவற்றைச் சமாளித்து நிமிர்வதற்குள், ஏறத்தாழ பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரங்கள் இலையுதிர்த்துப் பால் சுருங்குகிறது.

இதைத் தொழிலாளர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தின் குணத்தை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? ஆனால், மரம் குறைவாகத் தரும் மாதங்களிலேயே பெருநாள் கடனின் தவணை முழுதாக வந்து நிற்கிறது என்பதைப் பெருநாளுக்கு முன்னரே நினைவிற்கொள்ள வேண்டும். முன்பணம் என்பதும் நம் சம்பளமே. வரும் மாதங்களில் அது பிடித்துக்கொள்ளப்படும். கடைக்காரரின் 555 புத்தகத்தில் எழுதிய பற்றும் அழியாது.

இவற்றைவிடக் கொடியது வட்டி முதலைகளிடம் வாங்கும் கடன். 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி, உரிமம் பெற்றவர் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. 500 வெள்ளிக்கு அது மாதம் 7 வெள்ளி 50 காசு. உரிமமில்லாத ஒருவர் மாதம் 10 விழுக்காடு கேட்டால், அதே 500 வெள்ளிக்கு மாதம் 50 வெள்ளி. பள்ளி திறந்து, இலையுதிர்ந்து, புதுத்தளிர் விடும் வரையிலான ஆறு மாதங்களில் 300 வெள்ளி வட்டி கட்டியும் முதல் அப்படியே இருக்கும். தீபாவளிச் சேலை சாயம் போன பிறகும் அதன் கடன் சாயம் போவதில்லை. ஏற்கெனவே கடனில் சிக்கியவர்கள், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனத்தை நாடினால் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

முதலில் பேச வேண்டியவர் யார்?

"வேண்டாம் என்று சொன்னால் தங்கை என்ன நினைப்பாள்? மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்வார்களே!" என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. இந்த அச்சம் பொருளற்றதன்று. கையில் பணமில்லாதவர் இப்பேச்சை எடுத்தால் அவரைக் கஞ்சர் என்பர். அதே சொல்லை வசதியுள்ளவர் சொன்னால் அது பெருந்தன்மையாகும். எனவே, குடும்பத்தில் நன்றாகச் சம்பாதிப்பவரே முதலில் வாய் திறக்க வேண்டும். அவருக்கு அடுத்தபடியாக, தாயோ மூத்த அண்ணனோ பேசலாம்.

துணி எடுத்த பின் பேசிப் பயனில்லை. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னதாகவே, "தங்கச்சி, இந்த ஆண்டு நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் வந்து எங்களோடு இருந்து சாப்பிட்டால் போதும். பெரியவர்களுக்குத் துணி எடுக்க வேண்டாம்; நாங்களும் எடுக்கவில்லை," என்று நேரிலோ தொலைபேசியிலோ மனம் விட்டுச் சொல்லிவிடலாம். கேட்கும் தங்கையும் இதே சொல்லுக்காகக் காத்திருந்திருக்கலாம்.

அறவே நிறுத்த மனமில்லாதவர்களுக்கும் வழியுண்டு. ஆறு பேரின் பெயர்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கொருவருக்கு மட்டும் 80 வெள்ளிக்கு மேற்போகாமல் அன்பளிப்புச் செய்யலாம். ஒரு குடும்பத்தின் செலவு 320 வெள்ளியிலிருந்து 160 வெள்ளியாகக் குறையும். அல்லது, மூன்று குடும்பங்களும் சேர்ந்து பெற்றோருக்குத் தேவையான ஒரு பொருளை வாங்கித் தரலாம். பலகார வேலையைப் பங்கிட்டுக்கொள்வதும் அன்பளிப்பே.

விலக்குகளும் உண்டு. தலைத் தீபாவளி கொண்டாடும் இளந்தம்பதியர், கணவரை இழந்து தனித்து வாழும் சகோதரி, வேலையிழந்த தம்பி ஆகியோருக்குச் செய்வதை நிறுத்தலாகாது. சமமானவர்கள் மாற்றிக்கொள்ளும் பணத்தை மிச்சப்படுத்துவதே, தேவையுள்ளவர்களுக்குத் தாராளமாகச் செய்வதற்காகத்தான். சீனப் பெருநாளில் மணமானவர்கள் சிறுவர்களுக்கும் மணமாகாதவர்களுக்கும் அங்பாவ் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். நோன்புப் பெருநாளில் மலாய்ப் பிள்ளைகள் பெரியவர்களிடம் பணம் பெற்று மகிழ்வதையும் கண்டிருக்கிறோம். நம் அன்பளிப்பும் அவ்வாறே மூத்தவரிடமிருந்து இளையவருக்குச் செல்லட்டும்.

சிறு துளியின் வலிமை

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட நாளில் நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து தவித்தனர். அந்நிலையில் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் குறைந்த சம்பளத்திலும் சிறுசிறு தொகையாகப் பங்குப்பணம் செலுத்தினர். அப்பணத்தைக் கொண்டு தோட்டங்களே வாங்கப்பட்டன. சிறு சேமிப்பு என்ன செய்யும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

ஆண்டுக்கு 320 வெள்ளி மிச்சமானால், ஐந்தாண்டில் வட்டியின்றியே 1,600 வெள்ளி சேரும். ஒரு பிள்ளை ஐந்தாம் படிவம் முடித்துக் கல்லூரிக்குப் புறப்படும் நாளில், பதிவுக் கட்டணத்துக்காக யார் வாசலிலும் நிற்காமல் இருக்க அத்தொகை உதவக்கூடும்.

உறவு என்பது துணிப்பையின் கனத்தால் அளக்கப்படுவதன்று. கடனுக்கு அஞ்சித் தீபாவளிக்கு வராமலே இருந்துவிடும் தம்பியைவிட, வெறுங்கையோடு வந்து வாசலில் நின்று சிரிக்கும் தம்பியே அண்ணனுக்கு மகிழ்ச்சி தருவார். அவ்வாறு அவர் கூசாமல் வருவதற்கு வழி செய்வது, வசதியுள்ள உடன்பிறந்தார் ஒவ்வொருவரின் பொறுப்பாகும். இந்தத் தீபாவளிக்கு அந்த முதற்சொல் நம் இல்லங்களில் ஒலிக்கட்டும்.