ஈரல் நோயாளியிடம் மலத்தைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்?

வட்டுக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஈரல் சுருக்க நோயோடு வருபவரிடம் தாதி கேட்பார்: "ஐயா, நேற்று எத்தினை தரம் வெளிக்குப் போனனீங்கள்?" கூச்சமான கேள்விதான். ஆனால் அவருடைய மூளையின் தெளிவு அதில்தான் தங்கியிருக்கிறது.

குடலில் கிருமிகள் புரதத்தை உடைக்கும்போது அமோனியா உண்டாகிறது. நல்ல ஈரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் போக்கிவிடும். தழும்பேறிய ஈரலால் அது முடியாது. இரத்தத்தில் ஒரு பகுதி ஈரலைத் தொடாமலே சுற்றிப் போய்விடுகிறது. அமோனியா மூளையை எட்டினால் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, பேச்சில் குழப்பம். கைகளை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால், கை பறவைச் சிறகுபோல் படக்கென்று விழுந்து எழும்பும்.

இதற்குக் கொடுக்கும் லக்டுலோஸ் பாணி மருந்து குடலை அமிலமாக்கி அமோனியாவை அங்கேயே மடக்கி வெளியேற்றுகிறது. நாளுக்கு 2, 3 தரம் இளக்கமாகப் போனால் போதும். வயிற்றோட்டமானால் உடல்நீர் வற்றிக் குழப்பம் இன்னும் கூடும்.

பத்தியம் என்று மீனையும் முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிடும் வீடுகளை நினைத்தால் கவலையாக இருக்கிறது. தசையும் அமோனியாவை அகற்றுகிறது. புரதத்தை நிறுத்தினால் தசை கரையும்; அது கரையக் கூடாது. நோயுற்ற ஈரலில் மாச்சத்துச் சேமிப்பு குறைவு என்பதால், இரவுப் பட்டினியில் உடல் தசையைத்தான் எரிக்கும். படுக்குமுன் இரண்டு இடியப்பமாவது கொடுங்கள். வயிற்றில் நீர் கட்டியிருந்தால் உப்பு மிகுந்த கருவாடும் ஊறுகாயும் வேண்டாம். தினமும் காலையில் நிறை பாருங்கள்.

நித்திரை வரவில்லையென்று நீங்களாகத் தூக்கக் குளிசை கொடுக்காதீர்கள். பேச்சுக் குழம்பினால் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.